காவல்காரன் கையில் சாவி

இந்தப் பையை மேலே தூக்கி வைக்கச் சொல்லாதீர்கள் தம்பி. கண்டக்டர் ஒரு தடவை சொல்லிவிட்டார். மதுரையில் இறங்கினாரே தொப்பைக்காரர், அவரும் சொன்னார். இப்போது நீங்கள். இதற்குள் அரிசியா இருக்கிறது, மேலே போட? கம்ப்யூட்டர். மடக்குகிற வகை. பிரேக் போட்டால் விழும். விழாது என்பீர்கள். விழாது என்று சொல்கிறவர்கள் விழுந்த பிறகு பக்கத்தில் நிற்பதில்லை. மடியிலேயே இருக்கட்டும். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இல்லையே. அப்புறம் என்ன?

நான் வழியில் யாரோடும் பேச்சுக் கொடுக்கிற ஆள் இல்லை. சன்னலோரம் உட்கார்ந்தால் ஊர் வந்து சேருகிறவரை வாயைத் திறக்க மாட்டேன். இன்றைக்கு என்னவோ பேசுகிறேன். நாளைக் காலையை நினைத்தால் சும்மா உட்கார முடியவில்லை, பேசினால் கொஞ்சம் அடங்குகிறது. மெதுவாகத்தான் பேசுவேன். அதோ முன்னால், லேடீஸ் சீட்டில், சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறதே, ஊதாச் சேலை, அது என் மருமகள். பாண்டீஸ்வரி. அந்தப் பிள்ளை காதில் விழக் கூடாது.

நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை எல்லாம் கிடையாது. எங்கள் பக்கம் மாமனாரும் மருமகளும் அப்படித்தான். என் வீட்டுக்காரி இருந்தவரை அவள் வழியாகப் பேச்சு போய் வந்தது. அவள் போன பிறகு சுவர் வழியாக. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துச் சொல்லும். நான் சுவரைப் பார்த்து "ம்" என்பேன். சுவரிடம் சொல்ல முடியாத சங்கதி என்றால் மஸ்கட்டுக்குச் சொல்வேன். என் மகன் வேல்மயில் அங்கேதான் இருக்கிறான், ஏசி மெக்கானிக். ரசத்தில் புளி கூட என்று நான் மஸ்கட்டுக்கு ஃபோனில் சொன்னால், அவன் அதை எங்கள் அடுப்படிக்குச் சொல்வான். மறுநாள் ரசம் சரியாக இருக்கும். கடல் தாண்டிப் போய் வந்தாலும் சொல்லில் ஒன்று குறையாது. இந்தக் கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் பக்கத்தில் நின்று சொன்னாலும் பாதி விழுந்துவிடும்.

அவனைப் பார்த்து நாலு வருஷமாகிறது. ஃபோன் கண்ணாடிக்குள் பார்க்கிறேன், அது பார்க்கிறதா? இந்த மாசக் கடைசியில் அவன் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கே. இந்தப் பிள்ளைக்குக் கோயமுத்தூரில் ஒரு கம்பெனி வேலை தருகிறேன் என்கிறது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்து செய்கிற வேலை. அது கிடைத்துவிட்டால் அவன் கையெழுத்துப் போட மாட்டான், வந்துவிடுவான். நம்மூரிலேயே நாலு ஏசி பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். கிடைக்காவிட்டால் போட்டுவிடுவான். விஷயம் இவ்வளவுதான். இந்தப் பைக்குள் இருப்பது கம்ப்யூட்டர் இல்லை தம்பி, என் மகன். இப்போது சொல்லுங்கள், மேலே வைக்கவா?

வேலை என்னவென்றால், ஃபோனில் ஓடுகிற ஆப் செய்வது. அந்தப் பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தினம் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டு வந்தது. தானாகவே ஒன்று செய்தும் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாளில், எத்தனை மணிக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்று சொல்கிற ஆப். தண்ணீர் வந்தால் குழாய் சொல்லாதா, இதற்கு ஒரு ஆப்பா என்று நான் மஸ்கட்டிடம் கேட்டேன். "நீங்க குழாயைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்க, வேலைக்குப் போற பொம்பளைங்க என்ன செய்வாங்க?" என்று பதில் வந்தது. அது அவன் பேச்சு இல்லை. அடுப்படிப் பேச்சு, மஸ்கட் போய்த் திரும்பி வந்தது. நியாயமாகத்தான் இருந்தது.

இப்போது கூத்தைக் கேளுங்கள். செய்த ஆப் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. கையில் இருப்பது பழைய ஃபோன், அதில் ஏறாது. அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஃபோனை வரவழைப்பார்களாம். எமுலேட்டராம். பெயரைப் பாருங்கள். திரையில் ஒரு ஃபோன் படம் நிற்கும். அது படம் இல்லை, ஃபோனேதான் என்பார்கள். அதற்குள் மணி ஓடும். பேட்டரி எப்போதும் நூறு. சிக்னல் எப்போதும் முழுசு. எங்கள் தெருவில் எவன் ஃபோனிலும் இரண்டு கோட்டுக்கு மேல் வந்ததே கிடையாது, மாடிக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால்தான் மூன்றாவது கோடு. இல்லாத ஃபோனுக்கு மட்டும் நாலு கோடு. பொய்க்கு எப்போதும் சிக்னல் நன்றாகத்தான் கிடைக்கும்.

அந்தப் பொய் ஃபோன் திறக்கவில்லை. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் ஒருத்தனை வீட்டுக்கு வரவழைத்தோம். கம்ப்யூட்டர் இன்ஜினியராம். காதில் ஒரு வெள்ளைக் குச்சியைச் செருகிக்கொண்டு வந்தான். நான் வாங்க என்றேன், அவன் காதுக்குள் இருந்தவனிடம் "வந்துட்டேன் மச்சி" என்றான். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, அது விழிக்கிறதுக்கு முன்னாலேயே ஏதோ ஒரு பொத்தானைத் தட்டு தட்டு என்று தட்டினான். தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி. கருப்பாக ஒரு பக்கம் வந்தது. அதில் எதையோ திறந்துவிட்டான். விருச்சிக ராசி மாதிரி ஒரு பெயர் சொன்னான், விர்ச்சு என்று தொடங்கி எங்கேயோ போய் முடியும். அது அணைந்து கிடந்ததாம், திறந்துவிட்டால் கம்ப்யூட்டர் இன்னொரு மிஷின் மாதிரி நடிக்குமாம். சரி, நடிக்கட்டும். பொய் ஃபோனும் திறந்தது. அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து, "ஓடிருச்சு" என்றது. நான் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

அவன் லட்சணம் மறுநாள் தெரிந்தது. அதைச் சொல்கிறதுக்கு முன்னால் என் பூர்வோத்தரத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

நான் ஒரு மில்லில் பஞ்சு குடோனுக்குக் காவல் இருந்தவன். ரிட்டயர் ஆகிறவரை அந்த ஒரே வேலைதான். பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று கேட்கும். சத்தம் கேட்டால் போதும் என்று போகிற காவல்காரர்கள் உண்டு. நான் இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்துவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். மில்லில் எனக்கு இழுவை குருவையா என்றே பெயர். சிரித்தார்கள். சிரித்தவன் பொறுப்பில் இருந்த குடோனில்தான் ஒரு மழைக்காலத்தில் பூட்டு விழாமல் கதவு ஆடிக்கொண்டு கிடந்தது. அத்தனை பேலும், பஞ்சுப் பொதிகள்தான், நனைந்து ஊறிப் போயிற்று. என் குடோனில் ஒரு எலி உள்ளே போக வேண்டுமென்றாலும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இன்றைக்கும் வீட்டைப் பூட்டினால் அப்படித்தான். காலையில் இந்த பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஆட்டோவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. சிரிக்கட்டும்.

இந்தக் கம்ப்யூட்டரை வேல்மயில் ஒரு கூட்டாளி மூலமாகக் கொடுத்தனுப்பினான். வந்த அன்றைக்கு, கண்ணாடிக்குள் இருந்துகொண்டு எனக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தான். "அப்பா, கீழ ஓரத்துல கேடயம் மாதிரி ஒரு படம் இருக்கு பாருங்க. அதுல பச்சை டிக் இருந்தா வீடு பூட்டியிருக்குன்னு அர்த்தம். மஞ்சளா முக்கோணம் வந்தா எங்கேயோ கதவு திறந்து கிடக்குன்னு அர்த்தம். அதை அமுக்குங்க, எங்க திறந்திருக்குன்னு அதுவே காட்டும், சாத்திருங்க. இது உங்க பொறுப்பு." என் பொறுப்பு என்று சொன்னான் தம்பி. ரிட்டயர் ஆன பிறகு யாரும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால் தினம் காலையில் அந்தப் பிள்ளை குளிக்கப் போகும்போது திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுவேன். உள்ளே போக நாலு எண் அமுக்க வேண்டும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை விரல் போகிற வழியைப் பார்த்தேன், என் மகன் பிறந்த வருஷம். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் எனக்கு மனசில் நின்றிருக்காது.

அந்தக் காதுக்குச்சிக்காரன் வந்து போகிறவரை கேடயம் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு நாளும் மாறியதில்லை. அவன் கை வைத்துவிட்டுப் போன மறுநாள் காலையில் பார்க்கிறேன், மஞ்சள் முக்கோணம். எதையோ திறந்தவன் சாத்தாமல் போய்விட்டான். படித்தவன் திறக்கத்தான் செய்வான், சாத்துகிறது யார்? நான் அமுக்கினேன். ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள். அதையும் அமுக்கினேன். குட்டியாக ஒரு சுவிட்ச். இடது பக்கம் கிடந்தது, வெறுமையாக. வலது பக்கம் தள்ளினேன், நீலமாயிற்று. நிச்சயமாகத்தானா என்று கேட்டது. ஆமாம் என்றேன். ஒரு தடவை அணைத்துப் போடு என்றது. போட்டேன். பச்சை டிக் வந்துவிட்டது. நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து பார்த்தேன். பச்சைதான். மூடி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானமே பொய் ஃபோன் திறக்கவில்லை. நான் அப்போதே நினைத்தேன், குச்சிக்காரன் வேலை இவ்வளவுதான், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை என்று.

பிறகு பஜாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். போர்டில் இருபது சங்கதி எழுதியிருந்தது. ஜெராக்ஸ், லேமினேஷன், கம்ப்யூட்டர் சர்வீஸ், சாமி படத்துக்கு பிரேம், எல்லாம். இருபது வேலை தெரிந்தவனுக்கு இருபத்தொன்றாவதும் தெரியாது. அவன் ரேம் பத்தவில்லை என்றான். போட்டான். திறக்கவில்லை. பொய் ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டினான். திறக்கவில்லை. வைரஸ் பார்க்கிறதைக் கழற்றினான். திறக்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரே ராசியில்லை, புதுசு வாங்குங்கள் என்றான். பல் வலி என்று போனால் தலையை மாற்றச் சொல்கிற வைத்தியன். அந்த வாரம்தான் கம்பெனிக்காரர்கள் முதல் தடவை கண்ணாடி வழியாகப் பரீட்சை வைத்தார்கள். அந்தப் பிள்ளை நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிற்று, நான் அடுத்த அறையில் இருந்து கேட்டேன், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆப்பைக் காட்டு என்றார்கள். பொய் ஃபோன் வரவேயில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, செக்கு மாதிரி. சரி, சரி செய்துவிட்டு இன்னொரு நாள் காட்டுங்கள் என்றார்கள். அன்றைக்குச் சுவர்கூடப் பேசவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் போனோம். எஸ்தர் என்று பெயர். மிஸ் மிஸ் என்று இந்தப் பிள்ளை உருகும். அந்த அம்மாள் மற்றவர்களைப்போல இல்லை, உட்கார்ந்து பொறுமையாகத்தான் பார்த்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடையோடு நின்றேன். உள்ளே கூப்பிட்டார்கள், நாலு பொம்பளைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் எங்கே போய் நிற்க? பிறகு அந்த அம்மாளே வெளியில் வந்து, என்னையும் ஒரு ஆளாக மதித்து விளக்கம் சொன்னார்.

"ஐயா, இதுக்குள்ள ஒரே ஒரு சாவிதான் இருக்கு. ஃபோன் ஓடணும்னா அந்தச் சாவி வேணும். ஆனா உள்ளே ஒரு காவல்காரன் இருக்கான், அவன் முதல்லயே வந்து சாவியை எடுத்து மடியில கட்டிக்கிறான். அப்புறம் ஃபோன் வந்து கேட்டா கொடுக்க மாட்டேங்கிறான். ரெண்டுக்கும் மோதல். நான் இப்போ காவல்காரனைத் தூங்க வச்சிருக்கேன். இனிமே ஓடும்."

கேட்டீர்களா? காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டாராம். அதைப் பெருமையாகச் சொல்கிறார். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, ஆனால் அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "காவல்காரன் கையில சாவி இருக்கிறதுதானம்மா முறை?" என்றேன். அந்த அம்மாள் சிரித்தார். "முறைதான் ஐயா. ஆனா அவர் சாவியைக் கொடுத்தாத்தானே உங்க மருமக வேலை பார்க்க முடியும்?" என்றார். எங்கள் மில்லில் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று மேனேஜரிடம். மோதலே கிடையாது. இவ்வளவு பெரிய மிஷினைச் செய்தவன் ஒரே ஒரு சாவியைச் செய்து வைத்திருக்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு அறிவு இருக்கும் பாருங்கள். இதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. டீச்சராயிற்றே.

ஓடியது. வீட்டுக்கு வந்தும் ஓடியது. அந்தப் பிள்ளை அதில் தண்ணீர் ஆப்பைத் திறந்து, எங்கள் தெருப் பெயரை அமுக்கி, திரையை எனக்கு எதிரே திருப்பி வைத்துவிட்டு, ஏதோ வேலை இருக்கிற மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டது. நான் பார்ப்பதற்காகத்தான். எனக்குத் தெரியும். 'மாடசாமி கோயில் தெரு, வியாழக்கிழமை, காலை ஐந்தரை' என்று தமிழில் எழுதியிருந்தது. வியாழக்கிழமை ஐந்தரைக்குக் குழாயடியில் போய் நின்றேன். வந்தது தம்பி. சொன்ன மாதிரியே வந்தது. இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்து வைத்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

குடத்தை வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் வழக்கம்போல ஒரு பார்வை பார்த்தேன். மஞ்சள் முக்கோணம். அதே வரி. அதே சுவிட்ச். இடது பக்கம். அந்த எஸ்தர் அம்மாளும் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு படித்தாலும், எவ்வளவு நல்ல மாதிரியாகப் பேசினாலும், சாத்துகிற பழக்கம் மட்டும் ஒருத்தருக்கும் கிடையாது. சாத்தினேன். அணைத்துப் போட்டேன். பச்சை.

மறுநாள் இரண்டாவது பரீட்சை. அதே செக்கு. அதே வட்டம். இந்தத் தடவை அந்தப் பிள்ளை அழுதது. சத்தம் வராமல் அழுதது, ஆனால் கேட்டது. நான் திண்டாடிப் போனேன். சுவர் வழியாக என்ன சொல்ல முடியும்? மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டேன். எடுத்தான். "அப்பா, கேடயம் பச்சையாத்தானே இருக்கு?" என்று முதலில் கேட்டான். அவனுக்குத்தான் எவ்வளவு விவரம். "ஒரு நாள் தவறாமப் பார்க்கேன், பச்சைதான்" என்றேன். "அப்போ நம்ம பக்கம் தப்பில்லை" என்றான். பிறகு, "இவங்க பேப்பரை நீட்டிக்கிட்டே இருக்காங்கப்பா" என்றான். கையெழுத்துப் போடுகிற பேப்பர். கடைசித் தேதி வரைக்கும் தொடாதே என்றேன். நான் அவனிடம் அப்படி ஒன்று கேட்டதே இல்லை. சரிப்பா என்றான்.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்தான் போலிருக்கிறது. கண்ணாடி வழியாக வேண்டாம், கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு நேரில் வா, வந்து மேஜையில் வைத்துத் திறந்து காட்டு என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்குக் காலை பத்து மணி. இதுதான் கடைசி. இதற்கு மேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

நேற்று மறுபடியும் எஸ்தர் அம்மாளிடம் போனோம். நான் குடையோடு வெளியே. உள்ளே என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளை ஃபோனில் மஸ்கட்டுக்குச் சொல்லும்போதுதான் கேட்டேன். "அந்தக் காவல்காரன் தானா எந்திரிச்சு உட்கார்ந்துக்கிறானாம். மிஸ்ஸுக்கே புரியலை. நீ ஏதும் தொட்டியான்னு கேட்டாங்க, நான் தொடவே இல்லைன்னேன். ஏதோ அப்டேட் வந்து எழுப்பிவிடுதுன்னு நினைக்கிறாங்க." கடைசியில் பழி காவல்காரன் மேலே. எப்போதும் அப்படித்தான். குடோன் நனைந்தாலும் காவல்காரன் தூங்கினான் என்பார்கள், தூங்காவிட்டாலும் ஏன் முழித்தாய் என்பார்கள். நல்ல காவல்காரன் யார் தூங்க வைத்தாலும் எழுந்திருக்கத்தான் செய்வான். அவனை எழுப்ப ஒருத்தன் வரவேண்டுமா? நான் எத்தனை பேரை எழுப்பியிருப்பேன், என்னை யார் எழுப்பினார்கள்?

அந்த அம்மாள் மறுபடியும் தூங்க வைத்து, ஓட்டிக் காட்டி, இனிமேல் கோயமுத்தூர் மேஜையில்தான் திறக்க வேண்டும், அதுவரைக்கும் தொடாதே என்று சொல்லி மூடிக் கொடுத்தாராம். இந்தப் பிள்ளையும் சொன்ன சொல் தவறாது, நேற்றே பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிட்டது. பையை என்னிடம்தான் கொடுத்தது. கொடுத்தது என்றால், என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது பத்திரம்" என்று சுவரிடம் சொல்லிற்று.

பத்திரம் என்று என்னிடம் ஒப்படைத்த பிறகு பார்க்காமல் இருப்பேனா? இன்று காலையில் அது தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போன நேரம், ஜிப்பைத் திறந்து பார்த்தேன். நான் நினைத்தது சரி. மஞ்சள். குச்சிக்காரன் ஒரு தடவை, எஸ்தர் அம்மாள் இரண்டு தடவை, மூன்று தடவையும் திறந்தே வந்திருக்கிறது. கோயமுத்தூரில், ஊர் பேர் தெரியாத இடத்தில், நாலு பெரிய மனுஷர்கள் முன்னால் மஞ்சள் முக்கோணத்தோடு திறந்தால் என்ன நினைப்பார்கள்? வீட்டைப் பூட்டத் தெரியாதவளிடம் எப்படி வேலையைக் கொடுப்பது என்று நினைக்க மாட்டார்களா?

என்ன? என்ன கேட்டீர்கள்? சுவிட்சுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்ததா? இங்கிலீஷ் எனக்கு முழுக்க வராது. அஞ்சாவதோடு சரி. ஆனால் எழுத்து தெரியும். பஞ்சு பேல் மேலே மார்க் போடுவார்கள், அதைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. முதல் எழுத்து எம். மதுரைப் பேலுக்குப் போடுகிற எம். அப்புறம் ஈ. மறுபடி எம். மெம் என்று தொடங்கும். ஆமாம், மெமரிதான், நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்? பின்னால் இன்னொரு நீளமான வார்த்தையும் உண்டு. ஐயில் ஆரம்பிக்கும்.

நீங்களும் கம்ப்யூட்டர் படித்தவரா? இவ்வளவு நேரம் சொல்லவே இல்லையே. நான் பாட்டுக்குப் படித்தவர்களை ஏசிக்கொண்டு வருகிறேன். உங்களைச் சொல்லவில்லை தம்பி, பொதுவாகச் சொன்னேன்.

சாத்தினேன், ஆமாம். சாத்தாமலா வருவேன்? வலது பக்கம் தள்ளி, ஆமாம் சொல்லி, அணைத்துப் போட்டு, பச்சை டிக் வந்த பிறகுதான் ஜிப்பைப் போட்டேன். கொஞ்சம் திருநீறும் பூசினேன், மூடிக்கு மேலேதான், உள்ளே இல்லை. ஏன் தலையில் கை வைக்கிறீர்கள்? பஸ் ஆட்டத்தில் தலை சுற்றுகிறதா? எலுமிச்சம்பழம் இருக்கிறது, மோந்து பாருங்கள், தருகிறேன்.

எங்கே எழுந்திரிக்கிறீர்கள்? இது ஒட்டன்சத்திரம். உங்களுக்குப் பல்லடம் இல்லையா? அந்தப் பிள்ளையிடமா? என்ன பேச வேண்டும்? தூங்குகிறது தம்பி, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றியா? ஏதாவது நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படித்தவர்களில் உங்களைப்போல ஒருத்தர் தானாக எழுந்து போய் உதவி செய்கிறது நான் பார்த்ததில்லை. தட்டி எழுப்பாதீர்கள். பக்கத்தில் இருக்கிற அம்மாளிடம் சொல்லி எழுப்பச் சொல்லுங்கள். பை என்னிடமே இருக்கட்டும், அந்தப் பிள்ளை கேட்டால் தருகிறேன்.

ஒரு நிமிஷம் தம்பி. போகிறதுதான் போகிறீர்கள், என் சார்பில் ஒன்று சொல்லிவிடுங்கள். காலையிலிருந்து சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். பஸ்ஸில் சுவருக்கு எங்கே போக? இனி மஸ்கட்டுக்குச் சொல்லி அங்கிருந்து வருவதற்குள் விடிந்துவிடும். அந்தப் பிள்ளை பயப்படாமல் நிம்மதியாகத் தூங்கட்டும். மாமா எல்லாவற்றையும் பச்சையாக்கி, இழுத்துப் பார்த்துத்தான் கொண்டுவருகிறார் என்று சொல்லுங்கள்.